ஒரு வரிகூடப் பாடாமல் ஒரு கதை: கேமலின் 'தி ஸ்நோ கூஸ்'

கேமல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி ஸ்நோ கூஸ்' (பனிவாத்து) ஆல்பம் 1975 ஏப்ரலில் வந்தது. 16 துண்டுகள், சுமார் 43 நிமிடம். பாடல் வரி ஒன்றுகூடக் கிடையாது, அங்கங்கே சொல்லில்லாத குரல் மட்டும். கதை அமெரிக்க எழுத்தாளர் பால் காலிகோ எழுதியது. அவர் தரப்பில் ஆட்சேபம் வந்ததால் உறையில் தலைப்புக்கு முன்னால் 'மியூசிக் இன்ஸ்பயர்டு பை' (இதன் தூண்டுதலில் பிறந்த இசை) என்று சேர்க்க வேண்டியதாயிற்று.

கதை தெரியாமல் கேட்டால் பாதி கைநழுவிப் போகும். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் சதுப்பு நிலக் கரையில், கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழ்கிறான் ராயாடர். முதுகு கூனிய ஓவியன். குண்டடிபட்ட பனிவாத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் ஃப்ரித்தா என்ற சிறுமி. பறவை தேறுகிறது, பறந்து போகிறது, திரும்பி வருகிறது. 1940-ல், இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் டன்கிர்க் கரையில் சிக்கிய படைவீரர்களை ஏற்றிவரத் தன் சிறு படகோடு போகும் ராயாடர் திரும்பவில்லை.

இனி மெட்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2-வது துண்டில் வரும் புல்லாங்குழல்தான் ராயாடர். ஊதுவது கிட்டார் வாசிக்கும் ஆண்ட்ரூ லாட்டிமரேதான். அடுத்த துண்டில் அவன் ஊருக்குள் போகிறான். 5:19 நிமிடம், முதலில் துள்ளல், பிறகு தாளம் தளர்ந்து நீளமான கிட்டார் தனி. 6-வதில் எலெக்ட்ரிக் கிட்டார் நிதானமாக இழுக்கும் மெட்டு பறவையுடையது. 'ஃப்ரெண்ட்ஷிப்' முழுக்க பசூன் முதலான ஊதுகருவிகள். 1:43 நிமிடத்தில் சிறுமியும் ஓவியனும் பழகிவிட்டார்கள் என்று புரிந்துவிடும். 9-வது 'ராயாடர் அலோன்': அதே ராயாடர் மெட்டு, வேகம் செத்து, எலெக்ட்ரிக் பியானோவில். பறவை போய்விட்டது என்பதைச் சொல்ல வேறெதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் பக்கத்தின் உச்சம் 'டன்கிர்க்'. மெதுவான அணிவகுப்புத் தாளத்தின் மேல் பித்தளைக் கருவிகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஆர்கெஸ்ட்ரா ஒழுங்கமைப்பு டேவிட் பெட்ஃபோர்ட். அவர் குழுவை மூழ்கடிக்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம். அந்தக் காலத்தில் ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிவந்த ராக் குழுக்கள் பலவும் சறுக்கிய இடம் அது: வயலின் கூட்டம் கிட்டாரின் மெட்டையே இரட்டிப்பாக வாசிக்கும், சத்தம் கூடும், கதை நகராது. இங்கே ஆர்கெஸ்ட்ரா தேவைப்படும் இடத்தில் மட்டும் வாய் திறக்கிறது. கடைசித் துண்டில் முதல் துண்டின் சதுப்பு நிலமே திரும்ப வருகிறது.

கேட்கும்போது கெடுவது பெரும்பாலும் செட்டிங்கில். துண்டுகளின் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் வேண்டவே வேண்டாம். ஒரு துண்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள், 4-வது துண்டு 'சாங்ச்சுவரி' 1:05 நிமிடம்தான், அதில் 10 வினாடியை அடுத்ததோடு கலந்தால் மிச்சம் என்ன இருக்கும்? எம்பி3 கோப்புகளில் துண்டுகளுக்கு நடுவே சின்ன விக்கல் கேட்டால், எம்பி3 ஆக்கும் மென்பொருளான என்கோடர் கோப்பின் முனைகளில் சேர்க்கும் வெற்று ஒலிதான் காரணம். இடைவெளியில்லாமல் வாசிக்கும் கேப்லெஸ் வசதியுள்ள பிளேயரோ, ஒலி எதையும் இழக்காத ஃபிளாக் வகைக் கோப்போ அதைத் தீர்க்கும். ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் 'ஆல்பம்' முறையில் வையுங்கள். 'டிராக்' முறையில் வைத்தால் 'ஃப்ரித்தா'வும் 'டன்கிர்க்'கும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும். பெட்ஃபோர்ட் ஏற்றிய ஏற்றமெல்லாம் வீண்.

எல்பி இசைத்தட்டில் பக்கத்துக்கு 21½ நிமிடம் போல. 15-வது துண்டான 'லா ப்ரின்செஸ் பெர்ட்யூ'வின் தந்திக் கருவிகள் லேபிளை ஒட்டிய உள்வரிகளில் விழுகின்றன. உயர்ந்த சுரங்கள் கரகரத்தால் தட்டைக் குறை சொல்லுமுன் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபாருங்கள்.

1975 அக்டோபரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு முழுவதையும் வாசித்தார்கள். அந்தப் பதிவு 1978-ல் வந்த 'எ லைவ் ரெகார்ட்' இரட்டைத் தட்டில் இருக்கிறது. 2013-ல் லாட்டிமர் ஆல்பத்தைப் புதிதாகப் பதிவுசெய்தார். கீபோர்டு வாசித்த பீட்டர் பார்டென்ஸ் அப்போது இல்லை, 2002-லேயே காலமாகிவிட்டார். புதியது துல்லியம் கூடியது, ஆனால் முதலில் கேட்பவர்கள் 1975 பதிவிலிருந்தே தொடங்கலாம். வாங்கும்போது உறையில் ஆண்டைப் பாருங்கள், தலைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.