இறக்கம்தானே என்று சொன்னவர் எங்கே?

நேற்று ராத்திரி ஸ்ரீநகர் வந்து சேர்ந்தோம். இன்று காலை தங்கும் விடுதியின் படிக்கட்டில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, ஒன்றரை வயதுக் குழந்தை மாதிரி இறங்கினேன். காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக்கின் முதல் ஆறு நாட்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஏழாவது நாள்தான் ஆளைச் சாய்த்துவிட்டது.

சோனமர்க்கில் தொடங்கி நிச்னை கணவாய், விஷன்சர், கட்சர், சத்சர், கங்கபல் என்று ஏரி ஏரியாகப் போன கதையையும் செலவுக் கணக்கையும் வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அது இருக்கட்டும். கடைசி நாளை முதலில் கொட்டிவிடுகிறேன், சூடு ஆறுவதற்குள்.

முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக் கூடாரத்தில் கைடு சொன்னது ஒரே வாக்கியம். "நாளைக்கு ஒன்றுமில்லை, வெறும் இறக்கம்தான்." எட்டுப் பேரும் கை தட்டினோம். கங்கபல் ஏரி சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் இறங்கிச் சேர வேண்டிய நாராநாக் கிராமம் 2,100க்குக் கொஞ்சம் மேலே. நடுவில் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். அதாவது ஒரே பகலில் 1,300 மீட்டருக்கு மேல் கீழே வர வேண்டும். இந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் போடவில்லை, கை மட்டும் தட்டினோம்.

காலையில் கிளம்பும்போது ஹர்முக் சிகரம் மேகமே இல்லாமல் நின்றது. 1856இல் மாண்ட்கோமரி என்ற ஆங்கிலேய சர்வேயர் இந்த ஹர்முக்கில் ஏறித்தான், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த காரகோரம் சிகரங்களைப் பார்த்து வரைந்து கே1, கே2 என்று குறித்து வைத்தார். கே1க்கு மஷர்ப்ரம் என்று உள்ளூர்ப் பெயர் இருந்ததால் அதுவே நிலைத்தது. உலகத்தின் இரண்டாவது பெரிய மலைக்குத்தான் கடைசிவரை அந்த நோட்டுப் புத்தகக் குறியே பெயராகிவிட்டது. இதை எங்கள் மேனேஜர் சார் சொல்லிக்கொண்டே வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று, எங்கள் குழுவிலேயே மூத்தவர். நடையில் மட்டும் எல்லோருக்கும் இளையவர்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். புல்வெளி, ஓடை, பக்கர்வால் என்ற நாடோடி இடையர்களின் ஆட்டு மந்தைகள், தாழ்ந்த கூரையுள்ள மரக் குடிசைகள். நாய்களை மட்டும் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். மந்தைக்குக் காவல் இருக்கிற நாய் நம்மை ட்ரெக்கர் என்றெல்லாம் பார்க்காது.

அப்புறம் பைன் காடு வந்தது. வழி குத்தாகக் கீழே விழ ஆரம்பித்தது.

பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். உருளும் கல், மாவு மாதிரி புழுதி, அதன் நடுவே மர வேர்கள். ஒவ்வொரு அடிக்கும் கால் விரல் ஷூவின் முனையில் போய் முட்டுகிறது. ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று ஆசுவாசப்படுத்திக்கொள்ளலாம். இறங்கும்போது முட்டி வலித்தால் நின்றாலும் வலிக்கிறது. "நகத்தை ஒட்ட வெட்டிக்கோங்க தம்பி" என்று சார் மூன்றாம் நாளே சொன்னார். நான் கேட்கவில்லை. இப்போது இரண்டு கட்டைவிரல் நகமும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கின்றன.

இதற்கு நடுவில்தான் என் வலது ஷூ வாயைப் பிளந்தது.

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய ஷூவையே எடுத்துப் போயிருந்தேன். மூன்று வருடம் அலமாரியில் சும்மா கிடந்தது, பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. பயன்படுத்தாமல் கிடக்கும் ஷூவின் அடிப்பாகமும் பசையும் தானாகவே நொறுங்கிப்போகும் என்பது எனக்கு அந்தக் காட்டில்தான் தெரிந்தது. முன்பக்கம் அடிப்பாகம் தனியாகப் பிரிந்து, அடி வைக்கும்போதெல்லாம் தப்பு தப்பென்று அடிக்க, உள்ளே கல் புகுந்துகொண்டது. நாராநாக் இன்னும் பாதி தூரம்.

பின்னால் வந்த குதிரைக்காரர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சுமை கட்டும் நைலான் கயிற்றில் ஒரு முழம் அறுத்து, அடிப்பாகத்துக்குக் கீழே கொடுத்து, கணுக்காலைச் சுற்றி இரண்டு முடிச்சு போட்டு, ஷூவை ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்தார். மண்ணெண்ணெய் வாடை அடித்தது அந்தக் கயிறு. கல்லில் உரசி அது அறுந்துபோகும் என்று அவருக்குத் தெரியும் போல, இன்னும் இரண்டு முழம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் தேவைப்பட்டன. நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை.

நாராநாக்கில் இறங்கியதும் எல்லோரும் டீக்கடைக்கு ஓடினார்கள். சாரும் நானும் மட்டும் கோயிலுக்கு நொண்டினோம். எட்டாம் நூற்றாண்டில் காஷ்மீர் மன்னன் லலிதாதித்யன் காலத்தில் எழுந்த சிவன் கோயில்கள் என்கிறார்கள். கூரையெல்லாம் போய்விட்டது. நிற்கிற சுவர்களில் ஒவ்வொரு கல்லும் ஆள் உயரத்துக்கு நீளம். பக்கத்தில் ஊற்று நீர் நிறைந்த கல் தொட்டி. நல்ல கோயில், பத்து நிமிடம் பார்த்தோம். காலைப் போய் ஓடையில் வைத்தபோதுதான் எனக்குச் சாமியே தெரிந்தது.

இனி ஸ்ரீநகருக்கு ஏறி வந்த சுமோ ஜீப்பின் கதை.

வெளி மாநில பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. இதைப் போகிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எங்கள் எட்டுப் பேரில் போஸ்ட்பெய்ட் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். ஜிபேயும் அவர்தான், வீட்டுக்குப் போனும் அவர்தான். ஏழு நாளாக மகாராஜா மாதிரி நடந்துகொண்டார். என் பையில் இருந்தது ரொக்கம் 2,300 ரூபாய். அதில் சமையல்காரருக்கும் குதிரைக்காரர்களுக்கும் என் பங்கு டிப்ஸ் 800 போக 1,500. மலையில் ஏடிஎம் கிடையாது.

ஸ்ரீநகருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஸ்ரீநகரில் டால் ஏரிப் பக்கம் இருக்கிற டால்கேட் வரைக்கும் 3,500 என்று பேசி, மூட்டையெல்லாம் மேலே கட்டி, எட்டுப் பேரும் ஏறினோம். வழியில் கங்கன் ஊரைத் தாண்டும்வரை டிரைவர் தங்கமான மனிதர். காந்தர்பல் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். பேசியது இதுவரைக்கும்தானாம். டால்கேட் என்றால் இன்னும் 1,500. பெரிய மூட்டைக்குத் தனிக் காசு.

எங்கள் இந்தி எல்லாம் "கித்னா", "ஜாஸ்தி ஹை" அளவுதான். கோபத்தில் தமிழில் கத்தினோம். அவர் காஷ்மீரியில் கத்தினார். சார் மட்டும் இறங்கி, ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, இங்கேயே இருப்போம், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார். வாராக்கடன் வசூலித்த ஆள் அல்லவா! கால் மணி நேரத்தில் 1,500 என்பது 500 ஆனது. அந்த 500ஐயும் கொடுத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. தலைக்கு 62 ரூபாய் 50 காசுதான், ஆனாலும் இன்னும் எரிகிறது. இறங்கும் இடத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, தொகையையும் எழுதி, டிரைவரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள்.

அந்த எரிச்சலை அணைத்தது வாஸ்வான் என்ற காஷ்மீரிக் கறி விருந்து. ஒரு செம்புத் தாம்பாளத்தில் நான்கு பேர் சேர்ந்து சாப்பிட வேண்டும். அதற்குத் த்ராமி என்று பெயர். எங்களில் ஒருவர் சைவம், அவருக்குத் தாமரைத் தண்டைத் தயிரில் சமைத்த நத்ரு யக்னி. ஆக எங்கள் தாம்பாளத்தில் நால்வருக்கு உண்டானதை மூன்றே பேர்! மூக்கு நீண்ட செம்புக் கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவ ஊற்றினார்கள். சோற்று மலையின் மேல் சீக் கபாப், வறுத்த விலா எலும்பு. அப்புறம் சிவப்புக் குழம்பில் ரிஸ்தா என்கிற கறி உருண்டை. ஆட்டுக்கறியை அரைப்பதில்லை, மரச் சுத்தியலால் கல்லின் மேல் வைத்து இடித்து இடித்து உருண்டை பிடிக்கிறார்கள். விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் திரும்ப எழும்புகிறது. ஏழு நாள் டென்ட்டில் பருப்பும் ராஜ்மாவும் தின்ற வாய்க்கு அது என்ன மாதிரி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கடைசியில் தயிர்க் குழம்பில் வெள்ளை வெளேரென்று குஷ்தாபா, அதுவும் கறி உருண்டைதான். அது வந்தால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். தாம்பாளத்துக்கு 3,200. நாங்கள் மூன்று பேர்தான் என்பதால் தலைக்கு 1,067 வந்தது. டிரைவரிடம் கணக்குப் பார்த்த நான் இங்கே வாயே திறக்கவில்லை. மகாராஜா ஜிபேயில் கட்டினார், அவருக்கு நான் இன்னும் பாக்கி.

சாப்பிட்டு முடித்ததும்தான் ஒன்று உறைத்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது தரையில், சம்மணம் போட்டு, முக்கால் மணி நேரமாக. எழுந்திருக்கப் பார்த்தோம். முட்டி ஒத்துழைக்கவில்லை. பரிமாறிய பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். சார் மட்டும் தானாகவே எழுந்து, வாசலில் என் ஷூவுக்குப் பக்கத்தில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.