எல்லைக்குள் அடங்காத மோட்டார்

ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஒன்றிய அரசு அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து, ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், கொரோனா காலத்தை ஒட்டி ஓய்வு பெற்றேன். வாங்கிய சாமான்களின் விலையெல்லாம் மறந்துவிட்டது. 15,000 ரூபாய் என்ற தொகை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

மத்திய அரசின் பொது நிதி விதிகளை நாங்கள் ஜி.எஃப்.ஆர். என்போம். 1947-ல் முதன்முதலாக வந்து, 1963, 2005, 2017 என்று திருத்தி எழுதப்பட்டவை. 2005 விதிப்படி 15,000 ரூபாய் வரை கொட்டேஷனே, அதாவது கடைக்காரர் எழுதித் தரும் விலைக் கடிதமே, இல்லாமல் வாங்கலாம். பொருள் தரமானது, கடை நம்பகமானது, விலை நியாயமானது என்று அதிகாரி ஒரு சான்றில் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் ஒரு லட்சம் வரை, மூன்று பேர் கொண்ட பர்ச்சேஸ் கமிட்டி கடைவீதிக்குப் போய் விலை விசாரித்து, மூவரும் சேர்ந்து சான்று தர வேண்டும். அதையும் தாண்டினால் டெண்டர். 25 லட்சம் வரை தெரிந்த சப்ளையர்களுக்கு மட்டும் அனுப்பும் லிமிடெட் டெண்டர், அதற்கு மேல் விளம்பரம் கொடுத்து ஓப்பன் டெண்டர்.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சின்னச் செலவுக்குப் பெரிய டெண்டர் நடத்தினால் டெண்டர் செலவே சாமான் விலையைத் தின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், பன்னிரண்டு வருஷம் அந்த 15,000 அப்படியே நின்றது. விலைவாசி நிற்கவில்லை.

எங்கள் குடியிருப்பின் போர்வெல் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் நிலத்தடி நீரும் உப்பு, காற்றும் உப்பு. ஸ்டார்டர் பெட்டியைத் திறக்கப் போனால் திருகு துருப்பொடியாகக் கையோடு வரும். எவ்வளவு நல்ல மோட்டார் போட்டாலும் சில வருஷத்தில் மாற்றியாக வேண்டும். 2005 விதி வந்த புதிதில் ஒரு மோட்டார் 15,000-க்குள் அடங்கியது. காலையில் இண்டென்ட் என்ற தேவைச் சீட்டு, மதியம் ராமநாதபுரம் கடையில் மோட்டார், பொழுது சாய்வதற்குள் குழாயில் தண்ணீர். ஏழெட்டு வருஷம் கழித்து அதே கம்பெனி, அதே குதிரைத்திறன், விலை மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் மோட்டார் கமிட்டிச் சாமான் ஆகிவிட்டது.

கமிட்டி என்பது தலைமை அலுவலகத்தில் பெரிய விஷயம் இல்லை. எங்களைப் போன்ற சின்ன இடத்தில் அந்தத் தகுதியில் இருப்பவர்களே நாலைந்து பேர். ஒருவர் படகில் போயிருப்பார், ஒருவர் வழக்கு விஷயமாகச் சென்னையில் இருப்பார், ஒருவருக்கு வீட்டில் கல்யாணம். மூன்று பேரும் ஒரே நாளில் கிடைத்தால் ஜீப்பில் மதுரைக்குப் போக வேண்டும். உள்ளூரில் ஒரே கடையில் விசாரித்துவிட்டு அதைச் சந்தை விலை என்று எழுத முடியுமா? போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அதுவரை குடியிருப்புக்கு டேங்கர் லாரித் தண்ணீர். லோடு லோடாகத் தனித்தனி பில், ஒவ்வொன்றும் எல்லைக்குள். ஒருமுறை கணக்குப் பிரிவு அம்மா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, “சார், இந்தத் தண்ணிக் காசுல இன்னொரு மோட்டாரே வாங்கியிருக்கலாமே” என்றார். ஃபைலைப் பொறுத்தவரை எல்லாம் விதிப்படிதான் நடந்திருந்தது.

பில்லைப் பிரிக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஹார்டுவேர் கடை அண்ணாச்சி கால்குலேட்டரைத் தொடும் முன்பே கேட்பார்: “எவ்வளவுக்குள்ள வரணும் சார்? மோட்டார் தனி, கேபிள் தனி, ஸ்டார்டர் தனின்னு போட்டுரலாமா?” அவர் மேல் தப்பில்லை. எங்களைப் போன்ற அலுவலகங்கள்தான் அவருக்கு அதைப் பழக்கிவிட்டன. தேவையைத் துண்டு துண்டாக்கி வாங்கக் கூடாது என்று ஜி.எஃப்.ஆர். தெளிவாகவே சொல்கிறது. ஆடிட்காரர்கள் வந்ததும் முதலில் தேடுவதும் அதைத்தான்: ஒரே கடை, அடுத்தடுத்த தேதி, 14,900, 14,850. நான் பிரிக்க விடமாட்டேன். அதனால் குடியிருப்பில் எனக்கு இருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

கொட்டேஷன் மூன்று வந்தால் போட்டி வந்துவிட்டது என்பதும் டெல்லியில் உட்கார்ந்து போட்ட கணக்கு. எங்கள் மேஜைக்கு ஒரே உறைக்குள் மூன்று கொட்டேஷன் வந்ததுண்டு. லெட்டர்பேட் மூன்று, ஊர் மூன்று, சீல் மூன்று. கேபிள் என்பதை மட்டும் மூன்றிலும் ‘கேபில்’ என்று எழுதியிருந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் எழுத்துப்பிழை இல்லாமல் வந்தது.

2017-ல் புது விதிகள் வந்தபோது 15,000 என்பது 25,000 ஆனது. ஸ்டோர்ஸில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நுகர்வோர் விலைக் குறியீடு இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. பழைய 15,000 தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் 30,000-க்கு மேல் போயிருக்க வேண்டும். புது எல்லை பிறக்கும்போதே குட்டையாகப் பிறந்தது. கமிட்டிக்கான ஒரு லட்சம் இரண்டரை லட்சமானது, அது நியாயம். ஓப்பன் டெண்டருக்கான 25 லட்சம் 2005-ல் இருந்தபடியே 2017-லும் இருந்தது. ஒரே புத்தகத்தில் ஒரு வரி ஏறுகிறது, ஒரு வரி பாதி ஏறுகிறது, இன்னொரு வரி ஏறவே இல்லை. எந்தக் கணக்கை வைத்து என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. அரசு அலுவலகங்கள் சாமான் வாங்கும் ஜெம் இணையதளத்தில் இன்னும் விசேஷம். நேரடியாக வாங்கும் எல்லை 2017-ல் 50,000 என்று இருந்ததை 2019-ல் 25,000 ஆக இறக்கினார்கள்.

மாநில அரசு வேலைகளிலும் இதே கதை உண்டு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000. டெண்டர் போட ஒப்பந்தக்காரருக்கு 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் என்று அந்த விதிகள் வகுத்தன. 2000-ல் 2 கோடி என்பது பெரிய வேலை. இன்று கான்கிரீட்டும் கம்பியும் விற்கும் விலையில் ஒரு மீன் இறங்குதளத்தை நீட்டினாலே அங்கே போய் நிற்கும். பதினைந்து நாள்தானே கூடுகிறது என்று கடல் இல்லாத ஊர்க்காரர்கள் சொல்லலாம். இங்கே ஐப்பசி பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவக்காற்றில் கடலோரம் தூண் இறக்க முடியாது. அந்தப் பதினைந்து நாள் சில சமயம் ஒரு வருஷமாக முடியும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2004-ல் வந்த சட்டப்படி, அரசுக் கொள்முதல் எல்லைகளை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும். அப்படித்தான் 2025 அக்டோபரில் சிறு கொள்முதல் எல்லை 10,000 டாலரிலிருந்து 15,000 ஆனது. ஆனால் அங்கேயும் எல்லாவற்றையும் தொடவில்லை. அரசுக் கட்டுமான வேலைகளில் உள்ளூர்க் கூலி கொடுக்க வேண்டும் என்ற டேவிஸ்-பேகன் சட்டம் 2,000 டாலருக்கு மேற்பட்ட வேலைகளுக்குப் பொருந்தும். அந்த 2,000 என்பது 1935-ல் வைத்த தொகை. பணவீக்கத் திருத்தத்திலிருந்து அதை விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் தொழிலாளிக்கு லாபம், விலை ஏற ஏற இன்னும் சின்ன வேலைகளிலும் அவனுக்குக் கூலிப் பாதுகாப்பு கிடைக்கிறது. எல்லையை அசைக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான் என்று அதைப் படித்தபோது புரிந்தது. எங்கள் 15,000 அசையாமல் நின்றதில் டேங்கர் லாரிக்காரரைத் தவிர யாருக்கு லாபம் என்றுதான் தெரியவில்லை.

ஆடிட்டில் இருந்த நண்பர் ஒருவர், “எல்லையை ஏத்துனா திருடுறதுக்கு வாசலைப் பெரிசாக்குற மாதிரி” என்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. 2005-ல் ஒரு மோட்டார் வாங்க ஓர் அதிகாரியின் கையெழுத்தை நம்பினார்கள். 2015-லும் அதே ஒரு மோட்டாருக்கு நம்புங்கள் என்றுதான் கேட்கிறேன், இரண்டு மோட்டாருக்கு இல்லை. எந்தக் குறியீட்டை வைப்பது என்பதில் வேண்டுமானால் சண்டை போடலாம். நுகர்வோர் குறியீட்டில் அரிசி, காய்கறி போன்ற உணவுப் பொருட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக்கும் இரும்புக்கும் மொத்த விலைக் குறியீடுதான் பொருத்தம். எதுவானாலும் சரி, திருத்த வேண்டிய வருஷத்தை விதிக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

2025 ஜூனில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. அறிவியல் கருவிகளையும் அதற்கான பொருட்களையும் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் எல்லை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது, கமிட்டி எல்லை 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். இந்தக் கரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் நண்பருக்கு வாழ்த்துச் சொல்ல போன் போட்டேன். மீன் மாதிரிகளை வைக்க ஒரு ஃப்ரீசர் வாங்க வேண்டுமாம். அது அறிவியல் கருவியா, பஸ் ஸ்டாண்டு கடையில் ஐஸ்கிரீம் வைக்கும் அதே பெட்டிதானா என்று நோட் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், ஃபைல் கணக்குப் பிரிவில் இருக்கிறது என்றார்.