நோ சிக்னல் என்றதும் கேபிளை ஆட்டாதீர்கள்

ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இது உண்டு. விவசாயிகள் கருத்தரங்கமோ, ஸ்கூல் ஆண்டு விழாவோ, திருப்பூரில் பையர் வந்திருக்கிற மீட்டிங்கோ, மேடையில் ஒருத்தர் லேப்டாப்போடு வேர்த்துக் கொட்ட நிற்பார், திரையில் நீலக் கலரில் நோ சிக்னல் என்று மிதந்துகொண்டிருக்கும், முன்வரிசையில் இருந்து நாலு பேர் எழுந்து வந்து கேபிளை ஆட்டிப் பார்ப்பார்கள். "தம்பி, அந்தப் பக்கம் நல்லா அழுத்திப் பாருங்க." கம்ப்யூட்டர் சர்வீஸும் ப்ரொஜெக்டர் வாடகையும்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் இதெல்லாம் பழகிப்போன கூத்து. கேபிள் கழன்றிருப்பதும் உண்டுதான். ஆனால் பல நேரம் லேப்டாப் அனுப்புவது ஒன்று, ப்ரொஜெக்டர் எதிர்பார்ப்பது வேறொன்று, அங்கேதான் கோளாறு.

யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, உங்க ப்ரொஜெக்டருக்கு நேட்டிவ் ரெசல்யூஷன் என்னங்க என்றுதான். "மூவாயிரத்தி ஐநூறு லூமன்ஸுங்க" என்று பதில் வரும். அது வெளிச்சக் கணக்கு. நான் கேட்பது உள்ளே இருக்கிற பேனலில் எத்தனை புள்ளி என்று. எல்சிடி பேனலாக இருந்தாலும் சரி, குட்டிக் கண்ணாடிகள் வைத்த டிஎல்பி சிப்பாக இருந்தாலும் சரி, அந்த எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவானது, மெனுவில் எதைத் தட்டினாலும் மாறாது. எஸ்விஜிஏ என்றால் 800×600, எக்ஸ்ஜிஏ என்றால் 1024×768, டபிள்யூஎக்ஸ்ஜிஏ என்றால் 1280×800, ஃபுல் எச்டி 1920×1080. ஸ்கூல்களிலும் சங்கக் கட்டடங்களிலும் கிடக்கிற பழைய பெட்டிகளில் எக்ஸ்ஜிஏ நிறைய, கொஞ்சம் பிந்தி வாங்கியவர்களிடம் டபிள்யூஎக்ஸ்ஜிஏ. பெட்டியின் மேலேயோ அடியில் ஒட்டியிருக்கிற லேபிளிலேயோ மாடல் நம்பர் இருக்கும், அதை வைத்து நெட்டில் தேடினால் ஒரு நிமிட வேலை.

இந்த ஒரு எண் தெரிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. எப்படி என்று கேட்டால், மஞ்சள் விலைப் பட்டியலைத்தான் சொல்வேன். ஒரு கூட்டத்தில் விரலி, கிழங்கு, குறைந்த விலை, அதிக விலை என்று கட்டம் கட்டமாக எக்ஸெல்லில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர், "ஏனுங்க, அது எட்டுங்களா ஆறுங்களா?" என்று கேட்டார். கேட்டது நியாயம். எட்டும் ஆறும் மூன்றும் ஒரே மாதிரி கொழகொழவென்று தெரிந்தது. ஒரு தம்பி லென்ஸ் வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டே இருந்தார். கோளாறு லென்ஸில் இல்லை. லேப்டாப் 1366×768, ப்ரொஜெக்டர் 1024×768. அகலத்தில் 1366 புள்ளியை 1024க்குள் அடக்க வேண்டுமென்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு புள்ளியை மூன்றில் திணிக்க வேண்டும். ஒரு எழுத்தின் கோடு ஒரு புள்ளி தடிமனில் இருந்தால் அது பக்கத்துப் புள்ளியோடு கலந்து சாம்பல் கலராகிவிடும், எட்டின் வயிற்றில் இருக்கிற ஓட்டை அடைபட்டுப் போகும். போதாததற்கு உயரமும் 576 வரியாகச் சுருங்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. லேப்டாப்பையே 1024×768க்கு மாற்றினோம், எண்கள் பளிச்சென்று நின்றன.

ஃபோகஸ் கோளாறா, இப்படிப் புள்ளிகளைச் சுருக்கித் திணிக்கிற ஸ்கேலிங் கோளாறா என்று பிரித்துப் பார்க்க சுலபமான வழி இருக்கிறது. திரைக்கு ஒரு அடி பக்கத்தில் போய் நின்று பாருங்கள். புள்ளிகளுக்கு நடுவே வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, எழுத்து மட்டும் குழம்பியிருக்கிறது, அப்படியென்றால் ரெசல்யூஷனைப் பாருங்கள். அந்த வலையே தெரியவில்லை என்றால் வளையத்தைத் திருகுங்கள்.

விண்டோஸில் விண்டோஸ் பட்டனையும் பி பட்டனையும் சேர்த்து அமுக்கினால் நாலு வழி காட்டும். எல்லாரும் டூப்ளிகேட்டைத்தான் தட்டுவார்கள், ஏனென்றால் லேப்டாப்பில் தெரிவதே திரையிலும் தெரியும், மனசுக்கு நிம்மதி. ஆனால் டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் பொதுவாக ஒரு ரெசல்யூஷன்தான் ஓடும், யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பல பேர் மாறி மாறிப் பேசுகிற மேடை என்றால் நான் செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி போட்டுவிடுவேன். லேப்டாப் திரை இருட்டாகிவிடும், பேசுகிறவர் திரும்பித் திரும்பித் திரையைப் பார்ப்பார், பரவாயில்லை, ப்ரொஜெக்டருக்கு அதன் சொந்த ரெசல்யூஷன் கிடைத்துவிடும். பவர்பாயிண்ட் நன்றாகப் பழகியவர்களுக்கு எக்ஸ்டெண்ட் இன்னும் மேல், குறிப்புகள் தன் பக்கம், ஸ்லைடு சபைக்கு. பழகாதவர்களுக்கு எக்ஸ்டெண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்தீர்களானால், "மவுஸ் காணாமப் போச்சுங்க" என்று கூப்பிடுவார்கள்.

சந்தேகமாக இருந்தால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பக்கத்துக்குப் போங்கள். டெஸ்க்டாப் மோட் ஒன்று, ஆக்டிவ் சிக்னல் மோட் ஒன்று என்று இரண்டு எண் அங்கே தனித்தனியாக இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்தது முதலாவது, கேபிளில் உண்மையில் போவது இரண்டாவது. ப்ரொஜெக்டரின் இன்ஃபர்மேஷன் மெனுவில் தனக்கு வந்து சேர்ந்ததை அது சொல்லும். இந்த மூன்றும் நேட்டிவ்வும் ஒரே எண்ணாக இருந்தால் அதற்குமேல் நோண்ட வேண்டியதில்லை. கூடவே ரிஃப்ரெஷ் ரேட்டையும், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். இப்போது பையன்கள் கொண்டுவருகிற கேமிங் லேப்டாப்பில் 120, 144 ஹெர்ட்ஸ் எல்லாம் இருக்கிறது, கூட்டத்துக்கு 60 தாராளம். திரையில் நோ சிக்னல் வராமல் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்றோ நாட் சப்போர்ட்டட் என்றோ வந்தால் சந்தோஷப்படுங்கள், கேபிள் வேலை செய்கிறது, சிக்னல் வந்து சேர்ந்திருக்கிறது, பெட்டியால்தான் ஜீரணிக்க முடியவில்லை. ரெசல்யூஷனையோ ஹெர்ட்ஸையோ இறக்கினால் படம் வந்துவிடும். தப்பாக எதையாவது தட்டித் திரை மொத்தமாக இருண்டாலும் பதற வேண்டாம், 15 விநாடி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் விண்டோஸே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சரி, இதையெல்லாம் இரண்டு பெட்டிகளும் தாங்களே பேசி முடித்துக்கொள்ளக் கூடாதா? பேசத்தான் செய்கின்றன. ப்ரொஜெக்டருக்குள் இடிஐடி என்று குறைந்தது 128 பைட்டில் ஒரு ஜாதகம் இருக்கிறது. என் பெயர் இது, எனக்குப் பொருந்துகிற ரெசல்யூஷன்கள் இவை என்று அதில் எழுதியிருக்கும், கம்ப்யூட்டர் கேபிள் வழியாகவே அதை வாங்கிப் படித்துக்கொள்ளும். நீலக் கலர் விஜிஏ கேபிளில் 12, 15ஆம் பின்கள் அந்தப் பேச்சுவார்த்தைக்கே உள்ளவை. மலிவான சில கேபிள்களில் அந்தக் கம்பிகளே இருக்காது, ஒரு சிக்னலை இரண்டு திரைக்குப் பிரிக்க நடுவில் மாட்டுகிற சில ஸ்ப்ளிட்டர்களும் அதைக் கடத்தாது. படம் வரும், ஆனால் எதிரே இருப்பது யாரென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஏதோ பொதுவான மானிட்டர் என்று நினைத்து 1024×768ஓடு நின்றுகொள்ளும். டபிள்யூஎக்ஸ்ஜிஏ ப்ரொஜெக்டரை மாட்டிவிட்டு லிஸ்டில் 1280×800 ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு முக்கால்வாசி விடை இதுதான். ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். முடியாத இடத்தில் கிராஃபிக்ஸ் டிரைவரில் கஸ்டம் ரெசல்யூஷன் சேர்க்கலாம். லினக்ஸ் என்றால் சிவிடி (cvt) கட்டளையில் கணக்கை வாங்கி எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையில் புது மோட் கொடுத்துவிடலாம்.

விஜிஏவை ஒழித்துக்கட்டியாயிற்று என்று ஊரில் பேச்சு, ஆனால் ஸ்கூல் சுவருக்குள் பைப்பில் போட்டு சிமெண்ட் பூசிய விஜிஏ கேபிள்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது, அனலாக் சிக்னல். எத்தனை வரி என்பது அதில் தெரியும், ஒரு வரியில் எத்தனை புள்ளி என்ற தகவலே கிடையாது. 1024×768, 1280×768, 1360×768 எல்லாவற்றிலும் வரி 768தான். எது வந்திருக்கிறதென்று ப்ரொஜெக்டர் ஊகிக்கிறது, சில நேரம் தப்பாக ஊகித்துப் படத்தை நசுக்கிவிடுகிறது. மெனுவில் ரெசல்யூஷன் ஆட்டோ, வைடு, நார்மல் என்று இருப்பது இதற்காகத்தான், கையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அப்புறம், எக்ஸ்ஜிஏ 60 ஹெர்ட்ஸ் சிக்னலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு 1344 துடிப்பு. ப்ரொஜெக்டர் அதை 1345 என்று எண்ணிவிட்டால் திரையில் செங்குத்தாக ஒரு கலங்கல் பட்டை விழும், இரண்டு தப்பினால் இரண்டு பட்டை. டிராக்கிங் என்ற எண்ணை ஏற்றி இறக்கிப் பட்டைகளை ஒழித்துவிட்டு, மிச்சமிருக்கிற நடுக்கத்தை ஃபேஸ் என்பதில் சரிசெய்ய வேண்டும், இந்த வரிசையில்தான். ரிமோட்டில் ஆட்டோ பட்டனைத் தட்டினால் தானே செய்துகொள்ளும், ஆனால் கறுப்புப் பின்னணி ஸ்லைடு ஓடும்போது தட்டாதீர்கள், படத்தின் விளிம்பு எங்கே என்று அதற்குத் தெரியாமல் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். வெள்ளையாக ஒரு வேர்டு பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத் தட்டுங்கள்.

கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்று ஒருத்தர் இருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராக டென்ட் போட்டுக் காட்டிவிட்டு, 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார், அந்த ரோட்டுக்கே இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அவருக்கும் கஷ்டங்கள் இருந்திருக்கும், ஆனால் ஃபிலிமும் மெஷினும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கிற இந்தத் தலைவலி மட்டும் நிச்சயம் கிடையாது.

கல்யாண மண்டபத்துக்கு வருவோம். முகூர்த்தத்தை பந்தி ஹாலில் காட்டுவதற்கு கேமராவிலிருந்து 1920×1080 வரும், வாடகை ப்ரொஜெக்டர் 4:3. கறுப்புப் பட்டை இருந்தால் வீட்டுக்காரர் ஏதோ குறை என்று நினைத்து "ஃபுல்லா வைங்க" என்பார். அகல உயர விகிதத்தைத் தீர்மானிக்கிற ஆஸ்பெக்ட்டை ஃபுல் என்று வைத்தால் மாப்பிள்ளை தென்னை மரம் மாதிரி நீண்டு நிற்பார். எதிர்ப்பக்கம் 4:3 படத்தை 16:9இல் இழுத்தால் பொண்ணு இரண்டு சுற்று பெருத்துவிடும், அந்தப் பேச்சு மறுவீடு வரைக்கும் ஓடும். ஆஸ்பெக்ட்டை ஆட்டோவில் விடுங்கள், பட்டை இருக்கட்டும்.

மண்டபத்தில் நடக்கிற இன்னொரு வேலை கீஸ்டோன். ப்ரொஜெக்டரைத் தரையில் ஒரு ஹாலோ பிளாக் கல் மேல் சாய்த்து வைத்துவிட்டு, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வருகிற படத்தை ரிமோட்டில் சதுரமாக்குவார்கள். அது நடப்பது லென்ஸில் இல்லை, பேனலில் சில புள்ளிகளை அணைத்துவிட்டு மிச்சத்தில் படத்தை நெளித்துத் திணிக்கிறது. அவ்வளவு பாடுபட்டு நேட்டிவ்வுக்குப் பொருத்தியது அங்கேயே போச்சு. வீடியோவுக்குப் பரவாயில்லை, எழுத்து என்றால் மேஜையை உயர்த்தி நேராக வைத்து கீஸ்டோனைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

எச்டிஎம்ஐயில் புள்ளிக் கணக்கு டிஜிட்டலாகவே வருவதால் டிராக்கிங், ஃபேஸ் தொல்லை இல்லை. அதற்குப் பதில் வேறு வரும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் காணாமல் போனால் ஓவர்ஸ்கேன், டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, மெனுவில் அணைத்துவிடலாம். கறுப்பு சாம்பலாக வெளிறினாலோ, இருட்டுக் காட்சியில் எல்லாம் ஒரே கறுப்பாக அமுங்கினாலோ ரேஞ்ச், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் வைத்திருக்கிற எண் கணக்கு, பொருந்தவில்லை. கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை பேசும், டிவி வழக்கம் 16 முதல் 235, இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள். தூரம் அதிகமானால் எச்டிஎம்ஐ கேபிள் திடீரென்று மக்கர் பண்ணும், பதினைந்து மீட்டருக்கு மேல் சாதா கேபிளை நான் நம்புவதில்லை, நெட்வொர்க் கேபிள் வழியாகக் கடத்துகிற கேட்6 எக்ஸ்டெண்டரோ ஆப்டிக்கல் கேபிளோ போட்டுவிடுவேன்.

அடாப்டர் வாங்கும்போது திசை முக்கியம். எச்டிஎம்ஐ லேப்டாப்பைப் பழைய விஜிஏ ப்ரொஜெக்டருக்கு மாட்ட எச்டிஎம்ஐ டு விஜிஏ வேண்டும். உள்ளே டிஜிட்டலை அனலாக்காக மாற்றுகிற சிப் இருக்கிறது, ஒரு திசையில் மட்டும்தான் ஓடும், விஜிஏ டு எச்டிஎம்ஐ என்பது வேறு பொருள். அட்டையில் இரண்டு பெயரும் இருப்பதைப் பார்த்து எதையாவது வாங்கி வந்து, மாட்டி, கேபிளை ஆட்டுகிறவர்கள் நிறைய. டைப் சி துளை இருக்கிற லேப்டாப் எல்லாவற்றிலும் அது வழியாகப் படம் வராது, சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான், வாங்குவதற்கு முன்னால் மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிடி படம் மட்டும் கறுப்பாகப் போய் மற்றதெல்லாம் தெரிந்தால் அது படத்தை நகலெடுக்காமல் தடுக்கிற எச்டிசிபி பூட்டு, விஜிஏ பக்கம் போகிற அடாப்டரோடு ஒத்துவராது.

புதிதாக ப்ரொஜெக்டர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆன்லைனில் மலிவு விலைக்கு வருகிற சின்னப் பெட்டிகளில் 4கே சப்போர்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சப்போர்ட் என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே பேனல் 800×480ஓ 1280×720ஓ இருக்கலாம். நேட்டிவ் என்ற வார்த்தையைத் தேடுங்கள், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கடையில் வாங்குகிறீர்கள் என்றால் டெமோவுக்கு அவர்கள் போடுகிற கடல், மீன், பறவை வீடியோவைப் பார்த்து மயங்க வேண்டாம், உங்கள் லேப்டாப்பை எடுத்துப்போய் ஒரு ஜிஎஸ்டி பில்லைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.