மட்டக்களப்பிலிருந்து ஷெங்கன் விசா: கோப்புக் கட்டும் வேலை

சுவிஸில் மகள், பரிஸில் தம்பி, ஜேர்மனியில் மாமாவின் பிள்ளைகள் என்று உறவு பரந்து கிடக்கிற பகுதி இது. போய் இரண்டு மாதம் நின்று பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று விண்ணப்பம் போட்டால், களுவாஞ்சிகுடியிலிருந்து போகிற கோப்பும் வாழைச்சேனையிலிருந்து போகிற கோப்பும் திருக்கோவிலிலிருந்து போகிற கோப்பும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகின்றன. காசு குறைவாக இருப்பது அவற்றில் ஒன்று. அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: நமக்கு இயல்பாகத் தெரிந்த ஒன்றைக் கடதாசி சொல்லாமல் விட்டிருக்கும். கோப்பை வாசிக்கிறவருக்குப் பெரும்போகம் எப்போது வெட்டுவது, அளிப்புக் காணி என்றால் என்ன, அப்பாவின் பெயர் ஏன் முன்னால் நிற்கிறது என்பதெல்லாம் தெரியாது. உறவினருக்கும் அயலவருக்கும் கோப்புக் கட்டிக் கொடுத்ததில் படித்ததை, வேலை நடக்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குள் போய்வரலாம். அதற்காக எந்தத் தூதரகம் இலகு என்று தேடி அங்கே போடக்கூடாது. அதிக நாள் எங்கே நிற்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். சூரிச்சில் 40 நாள், பரிஸில் 10 நாள் என்றால் சுவிஸ். இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் காலடி வைக்கிற நாடு. நோர்வேக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. விண்ணப்பத்தை எங்கே கையளிப்பது என்பதை நோர்வேக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பயணத் திகதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஆகப் பிந்தியது 15 நாள். முடிவுக்கு வழமையாக 15 நாள் எடுக்கும், மேலதிக விசாரணை வந்தால் 45 நாள் வரை போகும். யூன், யூலையில் போக விரும்புகிறவர்கள் தை பிறந்ததும் கடதாசி சேர்க்கத் தொடங்கினால்தான் மூச்சுவிட நேரம் இருக்கும், ஏனென்றால் அந்தப் பருவத்துக்கு விண்ணப்பத்தைக் கொழும்பில் கையளிக்க நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு. கடவுச்சீட்டு கடந்த 10 வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பி வருகிற நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

இனிப் பெயர். எங்கள் பகுதிக் கோப்புகளில் அதிக நேரம் செலவழிய வேண்டிய இடம் இதுதான். தங்கராசா என்ற ஒரே மனிதர் அடையாள அட்டையில் 'எஸ்' போட்டும், கடவுச்சீட்டில் 'ஜே' போட்டும், வங்கிப் புத்தகத்தில் கடைசியில் 'எச்' சேர்த்தும் எழுதப்பட்டிருப்பார். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் 'முஹம்மது' என்பதற்கு ஒரே வீட்டில் மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் அதன்படியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மொழிபெயர்த்து முத்திரை குத்திய பிறகு திருத்தச் சொன்னால் திரும்பவும் காசு, திரும்பவும் நாள். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் இருந்தால், கடவுச்சீட்டிலுள்ள முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் குறிப்பிட்டுக் கடிதம் ஒன்று தரும்படி வங்கியில் கேட்கலாம். பெரிய வித்தியாசங்களுக்குச் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி ஒன்று வைப்பது நல்லது.

உறவை நிறுவுவதும் பெயரோடு சேர்ந்த வேலைதான். மகளிடம் போகிற தாய்க்கு, தாயின் பெயர் உள்ள மகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், மகள் கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியிருந்தால் விவாகச் சாட்சிப்பத்திரம், மகளின் வதிவிட அட்டைப் பிரதி ஆகிய மூன்றும் சங்கிலியாகத் தொடர வேண்டும். சகோதரரிடம் போகிறவருக்கு இருவரின் பிறப்புப் பத்திரங்களும் தேவை. இரண்டிலும் தாய் தகப்பன் பெயர் ஒத்து வர வேண்டும். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் கரையோரத்திலும் நிறைய உண்டு. பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாமல் அனுமான வயதுச் சான்றிதழ் மட்டும் உள்ளவர்கள், பெற்றோர் பெயர் உள்ள பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் தேடி இணையுங்கள்.

அழைப்புக் கடிதம் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சில் அழைக்கிறவர் வெறும் கடிதம் எழுதினால் போதாது. தான் வசிக்கிற நகரசபைக்குப் போய் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்றை எடுக்க வேண்டும். 30 யூரோ வரி முத்திரை, வீட்டின் அளவு, வருமானம் எல்லாம் பார்ப்பார்கள். மூலப் பத்திரமே தபாலில் வந்து சேர வேண்டும். எல்லையில் இறங்கும்போதும் அதைக் கேட்கலாம் என்பதால் கொழும்பில் காட்டிவிட்டுப் பத்திரமாகக் கையில் வைத்திருங்கள். ஜேர்மனியில் அழைக்கிறவர் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்பதாக வெளிநாட்டினர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி எடுக்கிற பொறுப்பேற்புப் பத்திரம் உண்டு. அதை எடுத்த 6 மாதத்துக்குள் விசா விண்ணப்பம் போட்டுவிட வேண்டும்.

சுவிஸ் முறைதான் பலரைக் குழப்புகிறது. அங்கே முதலில் அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பம் போகும். விண்ணப்பதாரரின் சொந்தப் பணம் போதாது என்று கண்டால் தூதரகம் உத்தரவாதப் படிவம் ஒன்றைத் தரும். நாளொன்றுக்கு 100 பிராங் என்பது அவர்களுடைய கணக்கு. படிவத்தை அழைக்கிறவருக்கு அனுப்ப, அவர் தன் மாநில அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து 30,000 பிராங் வரை பொறுப்பேற்பதாகக் கையெழுத்திட வேண்டும். அவருடைய வருமானத்தையும் கடனையும் பார்த்த பிறகே அது தூதரகத்துக்குத் திரும்பும். இதற்கு மேலும் சில வாரங்கள் பிடிக்கும். "அங்கே எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள்" என்று இருந்து, அழைக்கிறவரிடம் இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், படிவம் போய்ச் சேருகிற நேரம் அவருக்கு லீவும் இருக்காது, கடிதங்களும் தயாராக இருக்காது.

அடுத்தது, திரும்பி வருவதற்கான காரணம். இதைத்தான் உண்மையில் எடைபோடுகிறார்கள். அரச உத்தியோகத்தருக்கு இது எளிது: நாட்டுக்கு வெளியே செல்வதற்கான லீவு அனுமதி, சம்பளப் பத்திரம், வேலைக்குத் திரும்பும் திகதி குறித்த கடிதம். ஆசிரியர்கள் லீவு அனுமதியை வலயக் கல்வி அலுவலகம் ஊடாகப் பெற நாள் எடுக்கும். அதை முதலில் தொடங்குங்கள். பென்சன்காரருக்குப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். கடைக்காரருக்கு வியாபாரப் பெயர்ப் பதிவும் வரி அல்லது உரிமப் பற்றுச்சீட்டும். கடற்றொழிலாளிக்கு வள்ளத்தின் பதிவும் அனுமதிப்பத்திரமும்.

கஷ்டம் வயல்காரருக்குத்தான். பெரும்போகக் காசு மாசி, பங்குனியில் வரும். சிறுபோகக் காசு ஆவணி, புரட்டாதியில். மற்ற மாதங்களில் கணக்கில் எடுப்புத்தான் இருக்கும். வழமையாகக் கேட்கிற 3 அல்லது 6 மாத வங்கிக் கூற்றை அப்படியே கொடுத்தால், வருமானமே இல்லாத ஒருவருக்கு ஒரு நாள் திடீரென்று பெருந்தொகை வந்ததுபோலத் தெரியும். அதைவிடச் சந்தேகத்தைக் கிளப்புகிற காட்சி வேறில்லை. 12 மாதக் கூற்று எடுங்கள். நெல் விற்றபோது ஆலைக்காரர் தந்த பற்றுச்சீட்டை அந்தத் திகதி வைப்போடு பொருத்தி இணையுங்கள். கமநல சேவை நிலையத்தில் வயலின் பரப்பும் உங்கள் பெயரும் உள்ள பதிவின் உறுதிப்படுத்தலைக் கேட்டு எடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவைதான் காசு புழங்கும் என்பதை முகப்புக் கடிதத்தில் இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்த வருடம் போக நினைக்கிறவர்கள் இந்தப் போகத்து நெல்லுக்குக் காசோலையாகவே வாங்கினால் பாதி வேலை குறையும். காணிக்கு உறுதி இருந்தாலும், அரச அளிப்பு அல்லது அனுமதிப்பத்திரம் இருந்தாலும் அதை வையுங்கள். அளிப்பு என்பது அரசு தந்த காணி, தடையின்றி விற்க முடியாது என்று மொழிபெயர்ப்பில் ஒரு குறிப்பு இருந்தால் வாசிக்கிறவருக்கு விளங்கும்.

விண்ணப்பத்துக்காக யாரிடமாவது ஐந்து இலட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது இன்னும் நடக்கிறது. இதைச் செய்யாதீர்கள். அந்த ஒரு வைப்பு மற்ற எல்லா உண்மையான கடதாசிகளையும் நம்பமுடியாததாக்கிவிடும். மகள் மாதாமாதம் அனுப்புகிற காசு என்றால் மறைக்கவும் வேண்டாம். அனுப்பிய சீட்டுகளோடு காட்டுங்கள், செலவு அவளுடையது என்பதற்கு அதுவே சான்று.

முகப்புக் கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும். யார், யாரிடம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, செலவு யாருடையது, ஊரில் என்ன காத்திருக்கிறது, என்னென்ன இணைப்பு என்பவை மட்டும். அதிலுள்ள திகதிகளும் அழைப்பு, காப்புறுதி, விமான முன்பதிவு, லீவுக் கடிதம் எல்லாவற்றிலும் உள்ள திகதிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கையில் பேனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கெட்டைக் காசு கட்டி வாங்கிவிட வேண்டாம், முன்பதிவு போதும். ஆனால் விமான நிறுவனத்தின் தளத்தில் தேடினால் தெரிகிற உண்மையான முன்பதிவாக இருக்க வேண்டும். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், திருப்பி அனுப்பும் செலவையும் உள்ளடக்கியதாக எடுங்கள். வயதானவர்களுக்கு எடுக்கும்போது வயது எல்லையையும் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய விதியையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். தூதரகத்துக்காக விண்ணப்பத்தை வாங்குகிற சேவை மையத்தின் கட்டணம் வேறு. மறுத்தாலும் திரும்பி வராது. படம் 35 க்கு 45 மில்லிமீற்றர், 6 மாதத்துக்குள் எடுத்தது. முக்காடு போட்டிருக்கலாம், முகம் நாடியிலிருந்து நெற்றிவரை தெரிய வேண்டும். கைரேகை 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் உண்டு, 59 மாதம் பதிவில் இருக்கும். வயலிலும் கடலிலும் உழைத்தவர்களின் ரேகை தேய்ந்து இயந்திரத்தில் விழாமல் போகும். இரண்டு கிழமைக்கு முன்பிருந்து இரவில் தேங்காயெண்ணெய் பூசி வந்தால் தோல் மிருதுவாகும். விரலில் வெட்டுக் காயம் இருந்தால் ஆறும்வரை பொறுப்பதே மேல்.

கொழும்புக்கு இரவு ரயிலில் போய் அன்றைக்கே கையளிக்க நினைக்கிறவர்கள் காலை 8 மணி, 9 மணி நேரத்தை எடுக்காதீர்கள். கல் ஓயா, ஹபரணைப் பக்கம் யானை கடக்கிற காடு. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து போன ரயில் அங்கே யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. அந்தப் பகுதியில் வண்டி மெதுவாகப் போவதும் தாமதிப்பதும் சாதாரணம். 11 மணிக்குப் பிறகு நேரம் எடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே போய்த் தங்குங்கள். மூலப் பத்திரங்களை ஒரு கோப்பிலும் போட்டோக்கொப்பிகளை அதே ஒழுங்கில் இன்னொன்றிலும் வைத்தால் கவுண்டரில் தடுமாற்றம் இராது.

மறுப்பு வந்தால் காரணங்கள் குறித்த படிவம் ஒன்று தருவார்கள். அதை மூலையில் போட்டுவிட்டு அடுத்த கிழமையே அதே கடதாசிகளோடு திரும்ப விண்ணப்பிப்பது காசுக்குக் கேடு. சுவிஸில் 30 நாளுக்குள், 200 பிராங் முற்பணத்தோடு ஆட்சேபம் செய்யலாம். ஜேர்மனியில் தூதரகத்திடமே மீள்பரிசீலனை கேட்கும் முறை 2025 யூலை 1 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. நீதிமன்ற வழி அல்லது புதிய விண்ணப்பம்தான். எந்த வழியானாலும் பழைய மறுப்பை மறைக்காதீர்கள். அது எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கிற பதிவில் இருக்கிறது.

விசா கிடைத்ததும் ஸ்டிக்கரில் மூன்று விடயம் பாருங்கள்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எத்தனை நாள், எத்தனை தடவை. 30 நாள் கேட்டவருக்குத் திகதி 45 நாளுக்கு விரிந்திருக்கலாம், தங்கும் நாள் 30தான். கடைசித் திகதியைப் பார்த்து டிக்கெட்டைத் தள்ளிப் போட்டவர்கள் சட்டத்தை மீறியவர்களாகிவிடுகிறார்கள். இறங்குகிற நாளும் ஏறுகிற நாளும் கணக்கில் சேரும். 2025 ஒக்ரோபர் 12 இலிருந்து எல்லையில் படமும் கைரேகையும் எடுத்துக் கணினியில் பதிகிற முறை தொடங்கியிருப்பதால் நாளைத் தாண்டினால் தானாகவே தெரியும்.

அங்கே வரிசையில் நேரம் எடுக்கும். மாறும் விமானத்துக்கு இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த அம்மா, அப்பாவின் கைப்பையில் அழைப்பு, காப்புறுதி, திரும்பும் டிக்கெட் மூன்றும் இருக்கட்டும். அழைக்கிறவரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் அந்நாட்டு மொழியில் எழுதிய தாளும் அதோடு இருக்கட்டும்.

பெட்டி கட்டும்போது இறைச்சியும் பால் பொருட்களும் வேண்டாம். தயிர்ச்சட்டியும் நெய்யும் எல்லையில் குப்பைக்குப் போகும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. கருவாடு கொண்டுபோகலாம், ஓர் ஆளுக்கு 20 கிலோ வரை.