பழைய தமிழ் வேர்டு கோப்பில் எழுத்துருவை மாற்றாதீர்கள்

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தட்டச்சான தமிழ் வேர்டு கோப்புகள் அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன. கோயில் மலர், சங்கத் தீர்மானம், பள்ளி ஆண்டு விழா மலர் என்று பலவற்றுக்கு அச்சுப்படிகூட மிஞ்சவில்லை. அதனால்தான் இவற்றைத் திறக்கிற முதல் ஐந்து நிமிடம் முக்கியம். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வேர்டு 6, வேர்டு 95 கோப்புகளை இன்றைய வேர்டு பாதுகாப்பு கருதித் தடுத்துவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர் வழியாக ஃபைல் பிளாக் செட்டிங்ஸுக்குப் போய், அந்த வகைகளை ‘புரொடெக்டட் வியூ’வில் திறக்கும்படி வைத்தால் போதும். அதற்கும் மசியாத கோப்பை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். பல நேரம் திறந்துவிடும்.

கோப்பு திறந்ததும், அதன் பழைய எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால், திரையில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகவே கோப்பில் இருக்கும். தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டும்தான்.

இங்கேதான் பெரும்பாலானோர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்துவிடுகிறார்கள். எது தமிழ், எது ஆங்கிலம் என்ற ஒரே தடயம் எழுத்துருவின் பெயர். அது போய்விட்டால் பிரித்தெடுக்க வழியே இல்லை. பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மாற்றிக் கருவியில் மொத்தமாகப் போட்டால், நடுவே உள்ள ஆங்கிலப் பெயரும் முகவரியும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

அதனால் முதலில் குறியிட வேண்டும். ரீப்ளேஸ் பெட்டியில் தேடும் கட்டத்தைக் காலியாக விட்டு, ஃபார்மேட், ஃபான்ட் போய் பழைய எழுத்துருவின் பெயரைக் கொடுங்கள். மாற்றும் கட்டத்தில் மூன்று டாலர் குறி, அதையடுத்துத் தொப்பிக்குறியும் ஆம்பர்சண்டும், கடைசியில் மூன்று ஹாஷ் குறி. தொப்பியும் ஆம்பர்சண்டும் சேர்ந்தால் ‘கண்டுபிடித்ததை அப்படியே வை’ என்று பொருள். இப்போது தமிழ்ப் பகுதி ஒவ்வொன்றும் வேலிக்குள் வந்துவிடும். பிறகு யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் வெறும் உரையாகச் சேமித்து, வேலிக்குள் இருப்பதை மட்டும் என்எச்எம் மாற்றி போன்ற கருவியில் போடுங்கள். அடிக்குறிப்பு, தலைப்புப் பகுதி, உரைப்பெட்டி ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள், விட்டுப்போவது அங்கேதான்.

மாற்றியில் குறியாக்கத்தை, அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற அட்டவணையை, சரியாகத் தேர்ந்தெடுப்பது அடுத்தது. டாப், டாம் இரண்டும் 1999-இல் தமிழக அரசு ஏற்ற தரங்கள், திஸ்கி வேறு, பாமினி வேறு. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் நழுவுகிற பிழைகள்தான் ஆபத்து. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கு ‘ள’ வடிவத்தையே போட்டார்கள். அதனால் ‘கௌரவம்’ மாற்றிய பிறகு ‘கெளரவம்’ ஆகிவிடும். பார்வைக்கு வித்தியாசம் சொற்பம், ஆனால் தேடினால் கிடைக்காது. ‘கெள’, ‘மெள’, ‘செள’ ஒவ்வொன்றையும் தேடி, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றினால் ‘தெளிவு’ ‘தௌிவு’ ஆகிவிடும்.

குறியாக்க அட்டவணையின் 173-ஆம் இடத்தில் எழுத்து வைத்திருந்த எழுத்துருக்களில் இன்னொரு சிக்கல். புதிய மென்பொருள் அந்த இடத்தை மறைகோடாக, அதாவது சொல் வரி முடிவில் உடையும்போது மட்டும் தெரியும் இணைப்புக்கோடாக, எடுத்துக்கொள்வதால் எழுத்தே காணாமல் போகும். ஒரு குறிப்பிட்ட எழுத்து மட்டும் கோப்பு முழுக்க இல்லையென்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பழைய எழுத்துருவிலேயே திருத்த நேர்ந்தால் ஆட்டோகரெக்டை முதலில் அணையுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் அது ‘அ’வை ‘ஆ’வாக்கிவிடும்.

வேலை முடிந்ததும் புதிய கோப்புடன் மூலக் கோப்பு, அந்த எழுத்துருக் கோப்பு, பழைய எழுத்துருவில் எடுத்த பிடிஎஃப் மூன்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். நாளை ஒரு பெயரிலோ தேதியிலோ ஐயம் வந்தால் ஒப்பிட அந்தப் பிடிஎஃப்தான் வேண்டும்.