லோடு இருந்தால் வராத சத்தம்

வண்டி நிறைய முட்டை இருந்தால் சத்தமே கிடையாது. இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் தொடங்கும். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கும், பின்சக்கரம் ஏறி இறங்கும், எல்லாம் முடிந்தது என்று ஆக்சிலரேட்டரை மிதிக்கப் போகும் நேரத்தில் காலுக்கடியில் ‘டொக்’ என்று ஒன்று. ஒரே ஒரு தடவைதான். அடுத்த வேகத்தடையில் வரலாம், வராமலும் போகலாம். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்தால் நிச்சயம் வராது.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை எடுத்து, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி கடைகளுக்குப் போடுவது என் தொழில். வாரத்தில் சில நாள் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறிச் சோளக்காடு, செம்மேடு வரை போவேன். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது லோடு, இறங்கும்போது காலி அட்டைகள். அதாவது, சத்தம் வருகிற வழி முழுக்க இறக்கம். சமதளமாக இருந்தால் பாட்டைக் கூட்டி வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று இறங்கும்போது மனசு கேட்காது.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிக்கப். முன்னால் காயில் ஸ்பிரிங், மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார். பின்னால் அச்சின் இரண்டு பக்கமும் பட்டை, அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த அமைப்பில் ஓடும் எந்த பிக்கப்புக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு இரண்டையும் மாற்றினார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முன்பக்கம் டொக் என்றால் பாதி வண்டிகளில் லிங்க் ராடுதான். விலையும் குறைவு, கழற்றி மாட்டவும் அதிக நேரம் ஆகாது. மாற்றியும் சத்தம் போகவில்லை. அடுத்ததாக முன் சாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டது என்றார்கள். கழற்றிய பழசைக் கையால் அழுத்திப் பார்த்தேன், நன்றாகவே எதிர்த்துத் தள்ளியது, எண்ணெய்க் கசிவும் இல்லை. அதற்குள் புதுசு மாட்டியாகிவிட்டது. சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாவதாகப் போனபோது, “பழைய வண்டிங்ணா, லோடு அடிக்கிற வண்டி வேற. சத்தம் இல்லாம எப்படிங்ணா இருக்கும்?” என்று முடித்துவிட்டார்கள்.

பழைய வண்டிக்குச் சத்தம் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லோடு ஏறினால் அடங்கி, இறக்கினால் திரும்புகிற சத்தத்துக்கு வயது காரணமாக இருக்காது என்று எனக்குப் பட்டது. அதற்குமேல் எந்தப் பாகத்தையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சத்தம் வரும் நேரத்தை எல்லாம் குறிக்க ஆரம்பித்தேன்.

குறித்ததில் தெரிந்தது இதுதான். காலையில் குளிர்ந்த வண்டியிலும் வருகிறது, மத்தியானச் சூட்டிலும் வருகிறது. ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பினால் வருவதில்லை. நேர் ரோட்டில் நாற்பதுக்கு மேல் போனால் வருவதில்லை. மெதுவாக, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறினால் அதிகம். வலது வளைவைவிட இடது வளைவில் அதிகம். பாதி லோடில் எப்போதாவது. முழு லோடில் இல்லவே இல்லை.

இப்படி எழுதி வைத்துக்கொண்டாலே சிலது தானாகக் கழிந்துவிடும். பிரேக் காலிப்பர் ஊசி (பின்) தேய்ந்து பேடு ஆடினால் கரடுமுரடான ரோட்டில் கடகடவென்று வரும். பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டினால் நின்றுவிடும். மிதித்துப் பார்த்தேன், என் சத்தத்தில் மாற்றமில்லை. பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சறுக்கு மூட்டில் கிரீஸ் வற்றினாலும் இதே மாதிரி ஒற்றை டொக் வரும். ஆனால் அது கிளம்பும்போதும் நிற்கும்போதும், கியர் மாற்றும்போதும்தான் வரும், பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நியூட்ரலில் இறக்கத்தில் உருட்டிப் பார்த்தேன் (பண்ணைக்குள், ஆள் இல்லாத சரிவில், மலையில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்). அப்போதும் சத்தம் வந்தது. ஷாஃப்டும் கழிந்தது.

ஒரு தொல்லை, வண்டியிலேயே சத்தம் போடுகிற சாமான்கள். காலி பிளாஸ்டிக் அட்டைகள் பத்துப் பதினைந்து அடுக்கு பின்னால் இருந்தால் எந்தச் சத்தத்தையும் பிரித்துக் கேட்க முடியாது. அட்டைகளை இறக்கினேன். ஜாக்கி, வீல் ஸ்பானர், சீட்டுக்கடியில் கிடந்த தார்ப்பாய்க் கயிறு எல்லாவற்றையும் எடுத்தேன். பின்கதவுச் சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினேன். அடியில் தொங்கும் ஸ்டெப்னியை ஆட்டிப் பார்த்து, கொஞ்சம் தளர்ந்திருந்ததால் இறுக்கினேன். பிக்கப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடமே அந்த ஸ்டெப்னிதான். எத்தனையோ பேர் அதை விட்டுவிட்டு ஆர்ம் புஷ் (மூட்டு ரப்பர்) மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, சத்தம் அப்படியே வந்தது. ஆனால் இப்போது அது தனியாக, சுத்தமாகக் கேட்டது. மரத்தில் சுத்தியல் பட்ட சத்தம் இல்லை, இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம்.

அப்புறம் போன். வீட்டில் கிடந்த பழைய போன் ஒன்றை பாடியின் முன்பக்கத் தடுப்பில், கேபினுக்குப் பின்னால் துணி சுற்றிக் கட்டினேன். இன்னொன்றைப் பின் அச்சுக்கு நேர் மேலே தரையில் ஒட்டினேன். இரண்டிலும் ரெக்கார்டிங் போட்டுவிட்டு அதே பள்ளத்தில் மெதுவாகப் போய் வந்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் காலுக்கடியில் கேட்ட சத்தம், பின் அச்சுப் போனில்தான் பலமாகப் பதிவாகியிருந்தது. சேஸிஸ் என்பது முன்னிருந்து பின்வரை ஒரே இரும்பு. பின் பட்டையின் முன் முனை மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் கேபினுக்குக் கொஞ்சம் பின்னால்தான் இருக்கிறது. பின்னால் அடிக்கிற அடி அந்த பிராக்கெட் வழியாகச் சேஸிஸில் ஏறி காலுக்கு வந்துவிடுகிறது.

இதை உறுதி செய்யத் தீவன மூட்டைகள் உதவின. பண்ணையில் அதற்கா பஞ்சம்? ஐம்பது கிலோ மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலாக இரண்டிரண்டாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அதே பள்ளத்தில் இறக்கிப் பார்த்தோம். பண்ணைத் தம்பி ஒருவர் கீழே நின்று கேட்டார். நானூறு கிலோ ஏறியதும் சத்தம் பாதியானது. எழுநூறைத் தாண்டியதும் நின்றே போனது. அச்சுக்கு நேர் மேலே வைத்த எடை அத்தனையும் பின் பட்டைகளுக்குத்தான் போகும், முன் ஸ்பிரிங்குக்கு ஏறக்குறைய ஒன்றும் போகாது. எடையை இங்கே வைத்தால் சத்தம் நிற்கிறது என்றால், சத்தத்தின் வீடும் இங்கேதான். முன்பக்கம் மாற்றிய சாமான்களின் பில் அப்போது சட்டைப் பையிலேயே இருந்தது.

வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாப் பட்டையும் முழுசாக இருந்தன, முனைகள் சரியாக இருந்தன, பட்டையின் பின் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ் கொஞ்சம் நைந்திருந்தது, அவ்வளவுதான். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. வலது பட்டைக்கட்டில் சாதாரண மண்தூசி. இடது பட்டைக்கட்டில், அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டை ஒட்டி, இரண்டாவது பட்டைக்கும் மூன்றாவது பட்டைக்கும் நடுவில் செம்பழுப்பாக மிளகாய்ப்பொடி கொட்டின மாதிரி ஒரு கோடு. துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டினேன். சாயங்காலம் அதே இடத்தில் மறுபடி மெல்லிசாகப் படிந்திருந்தது. இரும்பு இரும்போடு உரசி உதிரும் துரு அது. பட்டைகளுக்கு நடுவில் ஓரளவு உரசல் எப்போதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும், அதுவும் அசையவே கூடாத நடுப்பகுதியில் வருவதுதான் கோளாறு.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் ஏராளம் என்பதால் பட்டைக் கடைக்கும் குறைவில்லை. தெரிந்த லாரிக்காரர் சொன்ன ஒரு பெரியவரிடம் போனேன். மூட்டை பரிசோதனையையும் செம்பொடியையும் சொன்னதும் அவர் சத்தத்தைக் கேட்கக்கூட வண்டியில் ஏறவில்லை. “கட்டைப் பிரிச்சுப் பாத்துரலாம் தம்பி” என்றார்.

சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, அச்சுக்குத் தனியாக முட்டு வைத்த பிறகுதான் ஸ்பானரை எடுத்தார். இடது பக்கத்து நட்டுகள் நான்கில் இரண்டு கையில் பெரிய பலமே இல்லாமல் திரும்பின. கட்டைப் பிரித்து மேல் பட்டையை எடுத்ததும் இரண்டாவது பட்டை இரண்டு துண்டாக வந்தது. முறிவு சரியாக நடுவில், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் போகும் துளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துக் காட்டினார். துளைக்கு ஒரு பக்கம் கறுத்துப் பழுப்பேறியிருந்தது, மறுபக்கம் இன்னும் வெள்ளையாக மினுங்கியது. ஒரு பக்கம் விரிசல் விட்டுப் பல நாள் ஆகியிருக்கிறது, மிச்சம் சமீபத்தில் போயிருக்கிறது. சென்டர் போல்ட்டும் லேசாக வளைந்திருந்தது.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு அதுவரை தெரியாதது. யூ போல்ட் வெறுமனே அச்சைப் பட்டையோடு கட்டிவைக்க மட்டும் இல்லை. இரண்டு யூ போல்ட்டுக்கும் நடுவிலுள்ள பட்டைப் பகுதி வளையவே கூடாது. அந்த அளவுக்கு இறுக்கம் வேண்டும். ஏனென்றால் துளை போட்ட இடம் அங்கேதான், பட்டையில் பலம் குறைந்த இடமும் அதுதான். நட்டு தளர்ந்தால் வளைவு உள்ளே வரை வந்து துளையிலேயே முறிக்கும். ஓவர்லோடில் முறிகிற பட்டை பெரும்பாலும் யூ போல்ட்டுக்கு வெளியே முறியும். துளையில் முறிந்தால் தளர்ச்சி என்று அர்த்தம். இதை முறிந்த துண்டைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

தளர்ந்ததற்கும் காரணம் கையோடு கிடைத்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் யாரோ கூடுதலாக ஒரு பட்டை ஏற்றியிருக்கிறார்கள். நம் பக்கம் சகஜம்தான். ஆனால் கட்டின் உயரம் கூடியும் பழைய யூ போல்ட்டையே போட்டிருக்கிறார்கள். நட்டுக்கு வெளியே ஒரு மரைகூடத் தெரியவில்லை. புதுப் பட்டையின் பெயிண்ட் தேய்ந்து கட்டு உட்கார்ந்த பிறகு மறுபடி இறுக்கவும் இல்லை.

காலி வண்டியில் முறிந்த துண்டு கொஞ்சம் முன்பின் நகர்ந்து இடித்திருக்கிறது. லோடு ஏறினால் மேல் பட்டைக்கும் கீழ் பட்டைக்கும் நடுவில் அழுந்தி அசையாமல் கிடந்திருக்கிறது. சென்டர் போல்ட்டின் தலைதான் அச்சின் இருக்கையில் உட்கார்ந்து அச்சை நேராக வைத்திருக்கிறது. அதுவும் அறுந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்து, வண்டி கோணலாக ஓட ஆரம்பித்திருக்கும். 70 வளைவு இறங்குகிறவனுக்கு இதைக் கேட்க நன்றாக இல்லை.

முறிந்ததை வெல்டிங் வைக்கலாமா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். பெரியவர் முறைத்தார். ஸ்பிரிங் எஃகு சூடு கொடுத்துப் பதப்படுத்தியது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விட்டுவிடும். இடது, வலது இரண்டு பக்கமும் இரண்டாவது பட்டையைப் புதுசாக மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் உயரம் ஏற்றத்தாழ்வாக நிற்கும் என்றார். நீளம் சரியான புது யூ போல்ட், புது நட்டு, சென்டர் போல்ட், ஷேக்கிள் புஷ். ஒரு தடவை முழுசாக இறுக்கிய யூ போல்ட் இழுபட்டிருக்கும், கழற்றினால் மறுபடி போடக்கூடாது என்பதில் அவர் கறார்.

இறுக்கும் விதத்தைக் கவனித்தேன். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக. புஷ் போல்ட்டுகளைத் தூக்கிய நிலையில் கையிறுக்கமாக மட்டும் விட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி எடை உட்கார்ந்த பிறகே முழுசாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், கிரீச்சிடவும் செய்யும். இதை அவசரத்தில் செய்யாமல் விடுகிற இடங்கள் நிறைய. பட்டை வேலைக்கு விட்டால் பக்கத்தில் நின்று இந்த ஒன்றை மட்டுமாவது பாருங்கள்.

அன்றைக்கே காலி வண்டியில் அதே பள்ளத்தில் இறக்கினேன். டொக் இல்லை. சில லோடு ஓடிய பிறகு, ஆயிரம் கிலோமீட்டர் ஆவதற்குள் திரும்ப வரச் சொல்லியிருந்தார். போனபோது நட்டுகள் கால் சுற்று வாங்கின. அதற்கடுத்த முறை அசையவில்லை. காலையில் முதல் வேகத்தடையில் புதுப் பட்டை லேசாக முனகுகிறது. இன்ஜின் ஆயில் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, ஆயில் பட்டால் புஷ் ரப்பர் ஊறிப்போகும், மண்ணும் ஒட்டும், முனகினால் முனகட்டும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அத்தனைக்கும் ஆன செலவு, முன்னால் மாற்றிய சாக் அப்சார்பர் இரண்டின் விலையைவிடக் குறைவு. அந்த சாக் அப்சார்பர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. பழசும் நன்றாகத்தான் வேலை செய்தது.