மஞ்சள் கறையும் நீல விளக்கும்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிக்கொண்டேன். சோப்பு போட்டதும் கறை செக்கச் சிவந்துவிட்டது. அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "அலசிட்டு மொட்டை மாடியில போடுடா, வெயில் பாத்துக்கும்." சாயங்காலம் எடுத்தால் கறையைக் காணோம்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். வெளிச்சம் பட்டால் அது சிதையும். சும்மா சிதைவதில்லை, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனையும் உசுப்பிவிடும். இதையே வைரஸைக் கொல்லும் ஆயுதமாக்கப் பார்க்கிறார்கள்: ஆய்வகத்தில் வைரஸோடு குர்குமினைக் கலந்து, 420 நானோமீட்டர் அலைநீளம் வாக்கில் நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். வெறிபிடித்த அந்த ஆக்சிஜன் வைரஸின் கொழுப்பு உறை, புரதம் என்று கண்டதையும் கடித்துக் குதறுகிறது. ஒரே இடத்தில் விழும் அடி இல்லை என்பதால் வைரஸ் பழகிக்கொண்டு எதிர்த்து நிற்பதும் சுலபமில்லை.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் செடியில் இருக்கும் ஹைப்பெரிசின் என்ற நிறமியும் இதே ரகம்தான். அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் வெயிலில் நின்றால் தோல் புண்ணாகிவிடும், பாவம்.

சரி, உடனே மஞ்சள்பால் குடித்துவிட்டு மாடிக்கு ஓடாதீர்கள். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. குடித்தாலும் ரத்தத்தில் சொற்பம்தான் சேரும். நீல ஒளியோ தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே பெரும்பாடு. வைரஸை ஒழிக்கும் இந்த வித்தை இப்போதைக்குப் பெரும்பாலும் ஆய்வகத்தோடு சரி.